முப்பது கெங்கம்மா

— அந்த மூஞ்சிய நான் அச்சடிக்க மாட்டேன் சார். அந்தப் படத்த விட்டுடுங்க. வேற படம் வைங்க.

— செங்கொடி, இங்க வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு உன்கிட்ட ஒரே ஒரு விஷயம் சொன்னேன். ஞாபகம் இருக்கா?

— இருக்கு. லீவு கேளு, அட்வான்ஸ் கேளு, ராயபுரம் வெயில் தாங்கலன்னா இன்னொரு ஃபேன் கேளு. எந்தப் படம் வேணும், எந்தப் படம் வேணாம்னு மட்டும் சங்கரநாராயணன்கிட்ட எப்பவும் கேக்காத. உங்க பேர நீங்களே அப்பிடித்தான் சொன்னீங்க, மூணாம் மனுஷன் மாதிரி.

— ஞாபகம் வச்சுக்கிட்டே கேக்கறே.

— ஞாபகம் வச்சிகினுதான் கேக்கறேன்.

— பாரும்மா. முப்பது கேன்வாஸ். ரோஸும் மஞ்சளும் அடிச்சுக் காய்ஞ்சு கிடக்கு. கறுப்புல முகம் மட்டும்தான் பாக்கி. சாயங்காலம் பேக்கிங்காரன் லாரியோட வருவான். அடுத்த வாரம் மும்பையில ஷோ. இப்ப வந்து படத்தை விடுங்கன்னா என்ன அர்த்தம்? நேத்து ட்ரையல் துணியில அடிச்சு மாட்டினப்போ வாயே திறக்கலையே நீ.

— நேத்துதான் எனக்கே தெரிஞ்சுது. ஃபிலிம்ல வெறும் கறுப்புப் புள்ளியாத்தான் இருந்துச்சு. மையத் தள்ளுற ரப்பர இழுத்து ஸ்க்ரீனத் தூக்குனா, துணியில எங்கம்மா நிக்குது.

— என்ன சொல்றே?

— எங்கம்மா சார். கெங்கம்மா. நீங்க பழைய பேப்பர்ல இருந்து எடுத்தீங்களே, தலையில கைய வச்சிகினு, வாயப் பொளந்துகினு கதறுற பொம்பள. பின்னால இடிச்சிப் போட்ட குடிசைங்க. பேசின் பிரிட்ஜ் கால்வா ஓரம். அது எங்க வூடு.

— உக்காரு.

— வேணாம்.

— தண்ணியாவது குடி. எனக்குத் தெரியாது செங்கொடி. நிஜமா தெரியாது. பேப்பர்ல பேரே போடலை.

— பேரு எப்பிடிப் போடுவாங்க. ‘கதறி அழும் பெண்’ணுதான் போட்டிருந்தாங்க. அப்ப நான் காலேஜ் ஹாஸ்டல்ல, பரீட்சை நேரம். வூடு இடிக்கப் போறாங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. மெஸ்ஸுல தட்டு பத்தலன்னு பேப்பர் மேல இட்லி வச்சுக் குடுத்தாங்க. ரெண்டாவது இட்லிய எடுத்தா, கீழ எங்கம்மா.

— ஐயோ.

— அதுல இருந்து அந்தப் படத்த மறக்கத்தான் பாக்கறேன். இப்ப என் கையிலயே ரப்பரக் குடுத்து, முப்பது தபா எங்கம்மாவ அழ வைக்கச் சொல்றீங்க.

— உன் வலி எனக்குப் புரியுது. ஆனா நீ படிச்சவ, கொஞ்சம் யோசி. வார்ஹோல் என்ன பண்ணினார்? அமெரிக்காவுல ஜனாதிபதியைச் சுட்டுட்டாங்க. அவர் மனைவி நிக்கற படம் எல்லா பேப்பர்லயும் வந்தது. எடுத்தார், அச்சடிச்சார், திரும்பத் திரும்ப அடிச்சார். அந்தம்மாகிட்டப் போய்க் கேட்டாரா? ஒரே முகம் வரிசையா வரவர, துக்கம் தேஞ்சு போகும், புரியுதா? முப்பதாவது கேன்வாஸ்ல அது உங்கம்மா அழுகையா இருக்காது. வெறும் நிறமா இருக்கும்.

— தேயறது யாருக்கு சார்? பாக்குறவங்களுக்கு. அழுதவங்களுக்கு எங்க தேயுது?

— நல்ல கேள்விதான். ஆனா அந்த மனுஷன்...

— அந்த மனுஷனப் பத்தி எப்பவும் பாதிதான் சொல்றீங்க. பத்திரிகையில வந்த பூ படத்த எடுத்து அச்சடிச்சாரே, அந்தப் போட்டோ புடிச்சவங்க கேஸ் போட்டாங்க. அதுக்கப்புறம் அவரே கேமராவத் தூக்கிகினு, ஆள எதிர்ல குந்த வச்சிப் படம் எடுக்க ஆரம்பிச்சாரு. அந்தப் பாதிய யாரு சொல்றது?

— அவரைப் பத்தியே தீசிஸ் எழுதினவகிட்ட வாயக் குடுத்தது என் தப்பு.

— எனக்கு அவரப் புடிக்கும் சார். அதனாலதான் இவ்ளோ கோவம் வருது. வேற நாட்டுல இருந்து பொழைக்க வந்த குடும்பம். அப்பன் கூலிக்காரன். அந்த வூட்டுல காலேஜுக்குப் போனது இவரு ஒருத்தர்தான். நியூயார்க்குக்கு வந்து விளம்பரத்துக்கு செருப்பு படமா வரைஞ்சாரு. தெனம் தின்ன சூப்பு டப்பாவ வரைஞ்சி வரிசையா மாட்டுனாரு. பக்கத்து கேலரிக்காரன் நெசமான டப்பாவ அடுக்கி வச்சி, இங்க மலிவு, இங்க வாங்கிக்கோன்னு நக்கல் பண்ணான். மனுஷன் ஜகா வாங்கலியே. தான் தின்னத தான் வரைஞ்சாரு. நீங்க தின்னதயா சார் வரையறீங்க?

— வரைஞ்சேன். உனக்குத் தெரியாது. பத்து வருஷம் டபரா டம்ளரா வரைஞ்சேன். எங்க வீட்டு டபரா, நசுங்கினது, ஈயம் போனது, எல்லாம். விமர்சனம் எழுதினவன், ஓட்டலுக்கு மாட்டலாம்னு எழுதினான். ஒண்ணு விக்கலை. கடைசியா பண்ணின டபரா ஸ்க்ரீன் மட்டும் இன்னும் மேல் தட்டுல கிடக்கு. அதுக்கப்புறம்தான் இந்தப் பக்கம் வந்தேன். இந்த கோடவுனை வாடகைக்கு எடுத்து, செவுத்துக்கு வெள்ளி பெயின்ட் அடிச்சு, அவர் தன் ஸ்டுடியோவுக்குப் பேர் வச்ச மாதிரியே ஃபேக்டரின்னு போர்டு வச்சேன்.

— போர்டப் பாத்துட்டு மூணு பேரு பயோடேட்டாவோட வந்தாங்க. திருவொத்தியூர்ல கம்பெனி மூடி வேல போனவங்க. நான்தான் பதில் சொல்லி அனுப்புனேன்.

— அதை ஏன் இப்ப இழுக்கறே?

— தோணுச்சு.

— ஏ செங்கொடி. உள்ளதான் கீறியா?

— போச்சு. மா, உள்ள வராத. அங்கயே நில்லு, நான் வரேன்.

— இன்னாத்துக்கு வெயில்ல நிக்கணும்? போன வூட்லயே போட்டுட்டு வந்துட்ட. யாரோ தவ்ஃபீக்காம், வுடாம அடிச்சிகினு கீறான். ராத்திரி சோறும் துன்னல, காலையில டீயும் குடிக்கல. இன்னாமோ ஏதோன்னு யார்டுல அரை நாள் லீவு சொல்லிட்டு ஷேர் ஆட்டோ புடிச்சி வந்தா, உள்ள வராதன்றா. வணக்கம் சார். நீங்கதான் அந்த சங்கரநாராயணன் சாரா? டிவில பாத்தேன். நேர்ல குள்ளமா கீறீங்க.

— வாங்கம்மா, வணக்கம். எந்த யார்டுல வேலை உங்களுக்கு?

— கன்டெய்னர் யார்டு சார், திருவொத்தியூர்ல. காலி பெட்டி வரும்ல, உள்ளாற பூந்து கழுவி வுடறது. மொளகா மூட்ட வந்த பெட்டி, தோலு வந்த பெட்டி, கலீஜ் கலீஜா வரும். நான் கழுவுனா அதுல படுத்துத் தூங்கலாம்.

— மா, இந்தாண்ட பாரு. என்னப் பாரு. அந்தப் பக்கம் திரும்பாத.

— அந்தப் பக்கம் இன்னா கீது? செவுருதான?

— மா, சொன்னா கேளு.

— அய்ய. இன்னாடி இது.

— மா...

— இது நானு.

— ஆமா மா.

— ஒரே துணில எத்தினி நானு. மஞ்ச மூஞ்சி ஒண்ணு, ரோஸ் மூஞ்சி ஒண்ணு. ஒதட்டுல சாயம் வேற பூசி வுட்டுகீறீங்க. கண்ணாலத்துக்குக்கூட இப்பிடிப் பூசல எனக்கு.

— மா, கோச்சிக்காத. சாருக்கு அது நீதான்னு தெரியாது. நான் இத அடிக்கப் போறதில்ல. எனக்கு உன்ன இப்பிடிப் பாக்க...

— இருடி, தொணதொணன்னாத. சார், கதவு எங்க?

— எந்தக் கதவும்மா?

— என் கதவு. இந்தக் கையாண்ட நின்னுகினு இருக்குமே. வெட்டிட்டீங்களா? முக்கியமான ஐட்டமே அதான.

— ஓரத்துல ஒரு பலகை இருந்தது. முகத்துக்கு இடைஞ்சலா இருக்குன்னு எடுத்துட்டேன்.

— பலகையா? நைனா, அது கதவு. ஹார்பர்ல பெட்டி ஒடச்ச மரத்த வாங்கியாந்து இவுங்கப்பா அடிச்சது. நீல பெயின்டு. அத்த எடுத்துட்டா, நான் எதுக்கு அங்க நின்னுகினு கீறேன்னு எவனுக்குத் தெரியும்?

— மா, நீ அழுதுகினு இருந்த. தலையில கைய வச்சிகினு.

— அழுதனா? எவன் சொன்னது?

— பேப்பர்ல போட்டிருந்துச்சு.

— பேப்பர்காரன் என்ன வந்து கேட்டானா? நீ கிட்டப் போயி நல்லாப் பாரு. கைக்கு அடியில இன்னா கீது?

— துணி மாதிரி...

— சும்மாடு டீ. கதவத் தூக்கறதுக்குப் பழைய பொடவயச் சுருட்டித் தலைல வச்சிகினு, அது வழுவாம ஒரு கையால புடிச்சிகினு கீறேன். இன்னொரு கையி கதவுல. நீ எத்தினி தபா பாத்துகீற நான் தண்ணிக் கொடம் தூக்குறத. அதுகூடவா தெரியல, காலேஜெல்லாம் போயி?

— சும்மாடா?

— பின்ன, வெறுந்தலைலயா கதவு தூக்குவாங்க?

— அந்த வாய்... அவ்ளோ பெருசா தொறந்து கத்துறியே.

— துரையக் கூவுனேன். எதிர் வூட்டு துரை. சாமான் செட்டெல்லாம் மொத நாளே விம்கோ நகர்ல எங்கக்கா வூட்டாண்ட போட்டாச்சு. கதவ மட்டும் காலையில கழட்டி சாச்சி வச்சிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா அந்த சோமாரி, தன் கதவு மாதிரி தள்ளுவண்டில ஏத்திகினு கீறான். ஒரு முனைய அவன் இழுக்கறான், ஒரு முனைய நான் இழுக்கறேன். ‘கதவ எறக்குடா துரை, எறக்கலன்னா உன் வண்டி சக்கரத்தக் கழட்டி கால்வால போட்டுடுவேன்’னேன். அந்த நேரம் பாத்து ஒருத்தன் கேமராவத் தூக்கிகினு வந்து, அம்மா கொஞ்சம் இப்பிடித் திரும்புங்கன்றான். கதவு போவுது, இவனுக்குத் திரும்பணுமாம்.

— அம்மா, நீங்க நிஜமாத்தான் சொல்றீங்களா?

— பொய் சொல்லி எனக்கு இன்னா சார் ஆவப்போவுது? ‘சக்கரத்த’ன்னு கத்திப் பாருங்க, உங்க வாயும் அப்பிடித்தான் போவும். ஏன்டி, நீ இன்னா, சிரிக்கிறியா அழுவுறியா? எதுனா ஒண்ணு பண்ணு.

— மா, அந்தக் கதவா நம்ம பாத்ரூம்ல இருக்கு?

— அதேதான். காலடிப்பேட்டைக்கு வந்தப்போ மாட்டுனது. தெனம் காலையில டம்மு டம்முனு தட்டி, எத்தினி நேரம் குளிப்பன்னு கூவுறியே, அந்தக் கதவுதான்.

— இத்தினி வருஷம் மா. நீ நடுரோட்டுல கதறிகினு இருந்தப்போ நான் உக்காந்து இட்லி தின்னுகினு இருந்தேன்னு, அதையே நெனச்சி நெனச்சி... உன் மூஞ்சிய நேராப் பாத்து அந்த நாளப் பத்திக் கேட்டதே இல்ல.

— கேக்க வேண்டிதான.

— எப்பிடி மா கேப்பேன்.

— இப்பிடித்தான், வாயால. பைத்தியம். உனக்குப் பரீட்சைன்னு நான் சொல்லல. இட்லி துன்னா இன்னா இப்போ? நான்கூட அன்னிக்கு அக்கா வூட்டுல கருவாட்டுக் கொழம்பு துன்னேன். துரையும் வந்து துன்னான்.

— அப்போ நீ அழவே இல்லியா?

— அழுவாமலா? அக்கா வூட்டுல அல்லாரும் தூங்கனதும், தலகாணில மூஞ்சிய வச்சிகினு அழுதேன். அதுக்கு எவனும் கேமராவத் தூக்கிகினு வரல.

— நான் ஒண்ணு சொல்லட்டுமா? இதைக் கேட்டதுல எனக்கே பாரம் இறங்கின மாதிரி இருக்கு. பாரும்மா செங்கொடி, இப்ப பிரச்சனையே இல்லையே. அம்மா அழலை. அம்மாவுக்குப் படம் பிடிச்சிருக்கு. பிடிச்சிருக்குல்ல அம்மா?

— நல்லாத்தான் கீறேன். அடிங்க சார், எனக்கொண்ணும் இல்ல. கதவ மட்டும் போட்டுடுங்க.

— கதவு இப்ப முடியாதும்மா. ஃபிலிம் முகத்துக்கு மட்டும்தான் எடுத்திருக்கு.

— படத்துக்குப் பேரு இன்னா வச்சிகீறீங்க?

— சொல்லுங்க சார்.

— ‘ஒப்பாரி’.

— யாரு செத்தாங்க?

— யாரும் சாகலைம்மா. அது ஒரு குறியீடு. வட சென்னையோட மொத்த துக்கம் அந்த ஒரு முகத்துல...

— துக்கம் கீது, இல்லன்ல. ஆனா அன்னிக்கு அது இல்லியே. அன்னிக்கு நான் ஜெயிச்சேன் சார். துரை கதவ வுட்டுட்டு வண்டியோட ஓடிட்டான். அத்த ஒத்தையா தலைல வச்சிகினு விம்கோ நகர் வரைக்கும் நடந்தேன்.

— பேர மாத்துங்க சார். ‘கதவ எறக்குடா’ன்னு வைங்க.

— விளையாடாதே. கேட்டலாக் அச்சாயிடுச்சு. மும்பையில ஒரு அம்மா எட்டு பக்கம் கட்டுரை எழுதியிருக்காங்க, முதல் வார்த்தையே ஒப்பாரி. படத்துக்கு அர்த்தம் நடந்ததுல இல்லை, புரியுதா, பாக்கறவன் கண்ணுல இருக்கு. அழற பொம்பளை முன்னால நின்னா மனசு உருகும். கதவுக்காக சண்டை போடற பொம்பளையை எவன் வாங்கி ஹால்ல மாட்டுவான்?

— இத மொதல்லயே சொல்லியிருக்கலாம் சார். அமெரிக்கா வரைக்கும் போயிருக்க வேணாம்.

— வார்ஹோல் இருந்தாலும் இதைத்தான்...

— நானும் வந்ததுல இருந்து கேட்டுகினு கீறேன், யாருடி அந்த வார்ஹோலு? சாருக்கு ஓனரா?

— அமெரிக்காக்காரரு மா. பெரிய ஆர்ட்டிஸ்ட்டு. செத்து ரொம்ப வருஷம் ஆவுது. சூப்பு டப்பாவ வரைஞ்சி பேர் வாங்குனவரு.

— கால் சூப்பா?

— தக்காளி சூப்பு. இன்னும் நெறைய தினுசு.

— தெனம் அதயா துன்னாரு? பாவம்.

— அவுங்கம்மா ஊர்ல இருந்து கெளம்பி வந்து, பல வருஷம் அவருகூடவே இருந்துச்சு மா. படத்துக்குக் கீழ எழுத்தெல்லாம் அந்தம்மாதான் எழுதிக் குடுக்கும். மகன் கையெழுத்தையே அந்தம்மா போடும். எழுத்து நல்லா இருக்குன்னு ஒரு தபா பரிசு குடுத்தாங்க. பேரு போடல. ‘வார்ஹோலோட அம்மா’ன்னு குடுத்தாங்க.

— அந்தம்மாவுக்குப் பேரு இல்லியா?

— ஜூலியா.

— சொல்றதுக்கு ஈஸியாத்தான கீது. போட்டா இன்னா கொறஞ்சிடும்?

— சரி, அம்மா பேரைப் போடறேன். கெங்கம்மா, காலடிப்பேட்டைன்னு. கேட்டலாக்ல ஒரு சீட்டு ஒட்டிடலாம். போதுமா செங்கொடி?

— ஒப்பாரிக்குக் கீழயா?

— ஒப்பாரிக்குக் கீழதான்.

— போதாது.

— அப்போ நீ அடிக்க மாட்டே.

— மாட்டேன் சார். காலையில வரும்போது வெக்கத்துல வந்தேன். எங்கம்மா அழுவுறத ஊரு பாக்கக் கூடாதுன்னு. இப்ப அது இல்ல. லேசா இருக்கு. வெக்கம் போச்சு, கோவம் மட்டும்தான் இருக்கு, அது எனக்குப் பழக்கம்.

— பரவாயில்லை. வண்ணாரப்பேட்டை தவ்ஃபீக்கைக் கூப்பிடறேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவனுக்கு ரப்பர் இழுக்கத் தெரியாதா என்ன?

— நல்லாத் தெரியும். கூப்பிடுங்க. அவருதான் காலையில இருந்து எனக்கு அடிச்சிகினு இருக்காரு. அவரு கடையில ஒரு டேபிள் காலியா இருக்கு. சொந்தமா பிரிண்ட் போடு, வர்றியா இல்லியான்னு இன்னிக்குள்ள சொல்லுன்னு நேத்தே கேட்டாரு.

— என்ன சொன்னே?

— போன்தான் வூட்ல இருந்துச்சே. வெளிய போயி சொல்லணும். மா, கெளம்பு.

— படம்?

— நம்ம போடலாம் மா. உன்ன நிக்க வச்சி, கதவ நிக்க வச்சி, நானே எடுக்கறேன். கீழ கையெழுத்து நீ போடு.

— சும்மாடு வேணும்.

— வேணும். அதில்லாமலா.

— துரையும் வரணும்னா சொல்லு. இங்கதான், தண்டையார்பேட்டைல கீறான். கூப்ட்டா வருவான், நல்லவன்தான். சார், இந்தத் துணி உங்களுக்கு வேணுமா? நல்லா மெத்துனு கீது.

— அது ட்ரையல் துணிம்மா. வேஸ்ட்டு. எதுக்கு உங்களுக்கு?

— சும்மாடுக்கு ஆவும்.

— உங்க முகத்தையா தலையில வச்சுத் தூக்கப் போறீங்க?

— என் மூஞ்சிதான சார். நான் தூக்காம வேற யாரு தூக்குவா?

— எடுத்துக்கோங்க. பாருங்க, எனக்கே சிரிப்பு வருது, வயித்தெரிச்சல்லயும். செங்கொடி, போறதுன்னா போ. போறதுக்கு முன்னாடி அந்த ஸ்க்ரீனை டேபிள்ல மாட்டிட்டுப் போ, தவ்ஃபீக் வந்தா ஆரம்பிக்கட்டும்.

— மாட்டித்தான் இருக்கு சார். மேல மூடியிருக்கற துணிய எடுத்துப் பாருங்க.

— இது என்ன இது? இதுல ஒண்ணுமே இல்லையே. ஜன்னல் தெரியுது. அந்தாண்ட ஹார்பர் கிரேன் தெரியுது.

— காலையில கோடவுனத் தொறந்ததும் மொத வேலையா அதுல இருந்த மூஞ்சியத்தான் கழுவுனேன் சார். ஃபிலிம் பத்திரமா டிராயர்ல இருக்கு, உங்களுது, தொடல.

— மூலையெல்லாம் தேச்சியாடி? அங்கதான் நிக்கும் அழுக்கு.

— தேச்சேன் மா.

— கழுவிட்டு... அப்போ எல்லாம் முடிச்சுட்டுத்தான் வந்து நின்னிருக்கே. அப்புறம் எதுக்கும்மா என்கிட்ட கேட்டே, படத்தை விடுங்க, வேற படம் வைங்கன்னு?

— கேக்காமப் போனா பயந்துகினு போன மாதிரி இருக்கும் சார். உங்க டபரா ஸ்க்ரீன மட்டும் கழுவல, மேல் தட்டுல இருக்கு. அந்த ரோஸ் கேன்வாஸ் மேல நல்லா நிக்கும். செருப்ப மாட்டு மா, ஆட்டோ வருது.